தாழ்ந்த சுரத்தில் நின்றுபோன பெட்டி

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த இரசாயனத் தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் இப்போது இருக்கிறவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற எங்களையும் மரியாதைக்காக அதில் சேர்த்திருக்கிறார்கள். சென்ற மாதம் ஒருவர் அதில் கேட்டார்: "சார், உங்க சர்வீஸ்ல மண்டைய ரொம்பக் கொழப்புன ஃபால்ட் எது? எழுதுங்களேன், நாங்களும் தெரிஞ்சிக்கறோம்."

பாய்லரையோ பெரிய மோட்டாரையோ பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது என் மச்சான் அருளின் பேஸ் கிட்டார் பெட்டிதான். அந்தப் பெட்டி தொழிற்சாலை வாசலைக்கூடப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் உருவானது. அதைச் சொல்ல வேண்டுமானால் தொழிற்சாலையையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி அருள். சிதம்பரத்தில் ஓர் அச்சகத்தில் வேலை. இளவயதிலிருந்தே சனி ஞாயிறுகளில் மதி என்பவர் நடத்தும் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறான். நான்கு தடித்த கம்பிகள் கொண்ட கிட்டார் அது. பாட்டில் அது ஒலிக்கும்போது யாரும் கவனிப்பதில்லை. நிறுத்தினால்தான் பாட்டுக்குக் கீழே தரை இல்லாதது போல் இருக்கும். அந்தச் சத்தத்தை வெளியே கொண்டுவர அவன் வைத்திருந்தது ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் சேர்ந்த பழைய பெட்டி. அதை ஆட்டோவில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும்.

போன வருடம் அருளுக்கு முதுகுத்தண்டில் டிஸ்க் விலகி ஆபரேஷன் ஆயிற்று. தேறி வந்தான். ஆனால், "அரைக் குடம் தண்ணிக்கு மேல எதையும் தூக்காதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் இரண்டு கல்யாணங்களுக்குக் குழுவிலிருந்தவர்களே பெட்டியைத் தூக்கினார்கள். மூன்றாவது முறை மதி தன்மையாகச் சொன்னார். "அண்ணே, நீங்க ஒடம்ப பாத்துக்குங்க. பேஸ நான் கீபோர்டுல லெஃப்ட் ஹேண்ட்ல வாசிச்சிக்கிறேன்."

அதைச் சொல்லத்தான் அருள் கடலூர் வந்திருந்தான். மதி திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டு வந்திருப்பான். அக்கறையாகச் சொன்னதால் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறான்.

"மாமா, அரைக் குடம் வெயிட்டுல ஒரு பெட்டி செய்ய முடியுமா?" என்று கேட்டான்.

ஸ்டெல்லா உள்ளே போய் ஒரு குடத்தில் பாதி தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். தூக்கிப் பார்த்தேன். பெட்டி, ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். எனக்கு உடனே கை பரபரக்க ஆரம்பித்துவிட்டது.

ஸ்பீக்கருக்கும் பெட்டிக்கும் சீக்கிரம் வழி கிடைத்தது. காந்தம் சிறியதாக இருந்தாலும் வலு குறையாத ஸ்பீக்கர்கள் இப்போது வருகின்றன. எடை குறைந்த பிளைவுட்டை வெட்டி, உள்ளே குறுக்குக் கட்டைகள் கொடுத்து நானே ஒட்டினேன். மிஞ்சியது ஆம்ப்ளிஃபயர். அதை முழுதாக வாங்கினால் விலையும் எடையும் ஜாஸ்தி. மாட்யூலாக, அதாவது வெறும் பலகையாக வாங்கிப் பெட்டிக்குள் பொருத்திக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

முதலில் பழைய பழக்கத்தில், வளையம் போன்ற பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கிப் பொருத்தினேன். சத்தம் குறை சொல்ல முடியாது. அருள் ஒரு மூலையைப் பிடித்துச் சற்றே தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "பெட்டி லைட்டாதான் இருக்குது மாமா. உள்ள அம்மிக்கல்ல வெச்சிட்டீங்க."

அடுத்து உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகை. அதன் மேல் அச்சிட்டிருந்த வாட் கணக்கைப் பார்த்தால் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டையே அதிர வைக்கும் போலிருந்தது. கூடவே வந்த விவரக் குறிப்பைப் படித்தேன். நம் ஸ்பீக்கரின் மின்தடை எட்டு ஓம். அந்தக் கணக்கு இரண்டு ஓமுக்கு, அதுவும் சத்தம் கரகரத்துச் சிதைந்த பிறகு அளந்தது. நம் பெட்டியில் அது கால்வாசிகூடத் தராது. திருப்பி அனுப்பினேன்.

மூன்றாவதாகக் கிடைத்ததுதான் எனக்குப் பிடித்தது. புதிய வகை. பழைய ஆம்ப்ளிஃபயர் பாதி திறந்த வால்வு மாதிரி: வேண்டிய அளவு கரண்டை விட்டு, மிச்சத்தைச் சூடாக வீணாக்கும். இந்த வகை முழுதாகத் திறக்கும், முழுதாக மூடும். அதையே நம் காதுக்கு எட்டாத வேகத்தில் மாறி மாறிச் செய்யும். சூடு குறைவு, ஆகவே பெரிய அலுமினியக் கட்டி வேண்டாம். அதற்கான பவர் சப்ளையும் அதே முறையில் ஓடுவதால் பெரிய டிரான்ஸ்ஃபார்மரும் வேண்டாம். எல்லாம் சேர்த்து ஒரு டிஃபன் பாக்ஸ் கனம்தான். மண்டபத்து ஜெனரேட்டரில் வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் தாங்கும் என்று போட்டிருந்தார்கள்.

பொருத்தி, அருளை வரச் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து கிட்டாரோடு வந்தான். மெல்லிய கம்பியில் ஆரம்பித்தான். சத்தத்தைக் கூட்டினான். சமையலறையில் தட்டுகள் தாளம் போட்டன. அவன் முகம் மலர்ந்தது. பிறகு மிகத் தடித்த கம்பியைச் சுண்டி, அந்தச் சுரத்தை அப்படியே நிறுத்திப் பிடித்தான். பெட்டி கும்மென்று எழுந்தது; பட்டென்று நின்றது. மாட்யூலில் சிவப்பு விளக்கு எரிந்தது. சில நொடிகளில் விளக்கு அணைந்து பெட்டி தானே உயிர் பெற்றது. மறுபடி அதே சுரம், மறுபடி சிவப்பு விளக்கு.

"சூடாயிடிச்சா மாமா?"

தொட்டுப் பார்த்தேன். பச்சைத்தண்ணீர் மாதிரி இருந்தது. ஸ்பீக்கர் ஒயரைப் பார்த்தேன், ஷார்ட் இல்லை. வேறு ஸ்பீக்கரை மாட்டினேன். அதே கதை. மெல்லிய மேல் கம்பிகளில் காது வலிக்கும் அளவு வைத்தாலும் நிற்கவில்லை. தடித்த கீழ்க் கம்பியில் அதைவிடக் குறைவாக வைத்தாலும் நின்றது.

அருள் கிட்டாரை மடியில் கிடத்திவிட்டுப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். "பேஸ் ஆம்ப்ளிஃபயரு, பேஸ் வாசிச்சா மட்டும் நின்னுடுது" என்றான். சிரிக்கத்தான் சொன்னான். எங்களால் சிரிக்க முடியவில்லை. அடுத்த மாதம் சிதம்பரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு இருந்தது. அதற்கு வந்து வாசிக்கிறேன், என் பெட்டியை நானே தூக்கி வருகிறேன் என்று மதியிடம் சொல்லியிருந்தான்.

அப்போது சமையலறையிலிருந்து ஸ்டெல்லா சொன்னாள்: "சத்தமா வாசிக்கிறப்ப நிக்கலையே. தொப்பு தொப்புன்னு வெட்டி வெட்டி வாசிச்சாலும் நிக்கல. அவன் நீட்டிப் புடிக்கிறப்பதான நிக்குது?"

எங்கள் இருவருக்கும் அது தோன்றவில்லை. அருள் கீழ்க் கம்பியை நறுக்கு நறுக்கென்று வாசித்துப் பார்த்தான். நிற்கவில்லை. நீட்டிப் பிடித்தான். நின்றது.

எப்போது நிற்கிறது என்ற கேள்வி எழுந்த அந்த இடத்தில்தான் எனக்குள் தொழிற்சாலைக் கஸ்தூரி மேடத்தின் குரல் கேட்டது.

ஐ.டி.ஐ. முடித்து அப்ரன்டிஸாகச் சேர்ந்து, ஃபியூஸ் மாற்றுவதிலிருந்து ஆரம்பித்தவன் நான். முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஏணியைப் பிடித்தேன், பிறகு ஏணியில் ஏறினேன். வேலை என்பது என்னவென்று புரிந்தது, கஸ்தூரி மேடம் எங்கள் பிரிவுக்குப் பொறியாளராக வந்த பிறகுதான். ஒடிசலான உருவம். ஹெல்மெட்டைக் காதுவரை இறக்கிப் போட்டிருப்பார். பழுதான இயந்திரத்தின் முன் வந்து நின்றால் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்வார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"கை சும்மா இருக்காது. எதையாவது கழட்டப் போவும். அதான் கட்டிப் போட்டிருக்கேன்" என்றார்.

ஏன் பழுதானது என்று அவர் முதலில் கேட்கவே மாட்டார். "எப்ப ஆவுது?" என்பார். ஸ்டார்ட் பண்ணும்போதா, ஓடும்போதா, லோடு ஏறும்போதா? தெரியாது என்று சொன்னால் கோபிக்க மாட்டார். "அப்ப பாத்துட்டு வாங்க. நான் இங்கதான் இருக்கேன்" என்று அங்கேயே நிற்பார். அந்த நிற்றல்தான் எங்களுக்குப் பயம்.

ஒருமுறை சென்ட்ரிஃபியூஜ் இயந்திரம் எங்களைப் படாத பாடு படுத்தியது. ஈரமான இரசாயனப் பொருளைச் சுழற்றி நீரைப் பிரிக்கும் இயந்திரம் அது. வாஷிங் மெஷினில் துணி பிழியும் தொட்டியைப் போன்றது, ஆனால் ஆள் உயரம். அதன் மோட்டாருக்குப் புதிதாக ஒரு ட்ரைவ், அதாவது வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி, போட்டிருந்தோம். அது அடிக்கடி ட்ரிப் ஆகி நின்றது. வோல்டேஜ் அதிகம் என்று திரையில் எழுத்து வரும். வெளியிலிருந்து வரும் வோல்டேஜை அளந்தால் சரியாக இருக்கும். விற்றவர்கள் ஆள் அனுப்பி உள்ளே இருந்த மின்னணுப் பலகையை மாற்றினார்கள். மறுநாளும் ட்ரிப். உற்பத்திப் பிரிவு கத்திக்கொண்டிருந்தது. உள்ளே பொருள் பாதி ஈரத்தில் கட்டிபட்டுப் போய்க்கொண்டிருந்தது.

மேடம் வந்து கைகளைக் கோத்துக்கொண்டு ஆப்பரேட்டரிடம் கேட்டார்: "நீங்க சொல்லுங்க. எப்ப ஆவுது?"

"ஓடுறப்ப நல்லாதான் ஓடுது மேடம். நிறுத்தலாம்னு பட்டன அழுத்துனா, வேகம் கொறையறப்ப ட்ரிப் ஆவுது."

மேடம் என்னைப் பார்த்தார். "வேகம் குறையிறப்ப வோல்டேஜ் ஏறுதா? எங்கேருந்து வருது அது?"

எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் அப்போது தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். தெரியாததைப் பார்த்து அவருக்கு முகத்தில் ஒரு வெளிச்சம் வரும்; அதை அன்றுதான் முதலில் கவனித்தேன். ட்ரைவின் உள் வோல்டேஜைக் காட்டும் திரையைத் திறந்துவைத்துவிட்டு, இயந்திரத்தை ஓடவிட்டு நிறுத்தச் சொன்னார். திரும்பவும் ஓடவிட்டு நிறுத்தச் சொன்னார். வேகம் இறங்க இறங்க வோல்டேஜ் ஏறியது. கடைசியில் மெதுவாகச் சொன்னார்.

"தொட்டி கனமா இருக்குது. நாம நிறுத்தச் சொல்றோம், அது நிக்க மாட்டேங்குது. இப்ப மோட்டார் தொட்டிய சுத்தல. தொட்டிதான் மோட்டார சுத்துது. மோட்டார் ஜெனரேட்டர் ஆயிடிச்சு. அந்தக் கரண்ட்டு உள்ள திரும்பி வருது. வெளிய போவ வழி இல்ல. அங்கியே குவியுது."

அன்று மாலையே நிறுத்தும் நேரத்தை நீட்டினோம். பிறகு, திரும்பி வரும் கரண்டைச் சூடாக மாற்றிச் செலவழிக்க ஒரு ரெசிஸ்டர் பொருத்தினோம். அதற்குப் பிறகு அந்த ட்ரைவ் எங்களைக் கூப்பிடவில்லை.

இப்போது என் சாப்பாட்டு மேசையில் அதே கேள்வி. மல்டிமீட்டரை எடுத்துப் பவர் சப்ளையில் மாட்டினேன். அதற்கு ஒரு பிளஸ் பக்கம், ஒரு மைனஸ் பக்கம். உச்ச அளவைப் பிடித்துவைக்கும்படி மீட்டரைத் திருப்பிவிட்டு, "மேல் கம்பி வாசி" என்றேன். எண் அசையவில்லை. "கீழ்க் கம்பிய நீட்டிப் புடி." எண் ஏறியது. ஏறிக்கொண்டே போய்ப் பட்டென்று சிவப்பு விளக்கு.

அதேதான்! நான் மேசையில் ஓங்கித் தட்டினேன். ஸ்டெல்லா கரண்டியோடு ஓடி வந்தாள்.

கஸ்தூரி மேடம் இப்போது புதுச்சேரியில் இருக்கிறார். போன் செய்தேன். நலம் விசாரித்து முடிப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டேன்.

"எப்ப ஆவுது?" என்று கேட்டார்.

"கீழ் சுரத்த நீட்டிப் புடிக்கிறப்ப மேடம். உள்ள சப்ளை வோல்டேஜ் ஏறுது."

அவர் சிரிப்பது கேட்டது. "அட! அது ஸ்பீக்கர்ங்க. தொட்டி இல்லையே. எப்படித் திரும்பி வரும்?"

இருவருமாகப் போனிலேயே பிரித்துப் பார்த்தோம். இந்த வகை மாட்யூல் பிளஸ் பக்கத்திலிருந்து கரண்டை எடுத்து ஸ்பீக்கருக்குத் தரும்போது, அதை வடிகட்டும் காயிலில், அதாவது கம்பிச்சுருளில், தேங்கியதில் கொஞ்சத்தை மைனஸ் பக்கத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. சுரத்தின் அலை திசை மாறியதும் அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். மேல் சுரத்தில் திசை சட்சட்டென்று மாறிவிடும், குவிய நேரமில்லை. கீழ் சுரம் மெதுவாக அசையும். திசை மாறுவதற்குள் அங்கே குவிந்துவிடுகிறது. சப்ளைக்குத் திருப்பி அனுப்ப வழி இல்லை. தன்னைக் காத்துக்கொள்ள மாட்யூல் நின்றுவிடுகிறது. அது பழுதே இல்லை. ஒழுங்காக வேலை செய்திருக்கிறது.

"இதுக்கும் ரெசிஸ்டர் வெப்பீங்களா?" என்றார் மேடம்.

"வெச்சா சூடு, கனம் ரெண்டும் ஏறும் மேடம். குவியறத தாங்குற கெபாசிட்டர பெருசாக்கினாலும் கனம்."

"அப்ப கொட்டுறத அங்கியே அள்ள ஒரு ஆள் இருந்தா?"

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் மாட்யூல்களின் விவரக் குறிப்புகளைப் படித்தேன். கடைசியில் கிடைத்தது. ஒரே பலகையில் இரண்டு பாதிகள் எதிரெதிராக வேலை செய்யும் வகை. ஸ்பீக்கரின் இரு முனைகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஒன்று கொட்டும் அதே நேரத்தில் மற்றது அள்ளிக்கொள்ளும். குவிவதற்கு மிச்சம் இருக்காது. எடை முந்தையதைவிட ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குத்தான் கூடுதல். ஒரே ஓர் எச்சரிக்கை: இதில் ஸ்பீக்கரின் எந்த முனையையும் வேறு கருவியோடு சேர்க்கக் கூடாது, இரண்டிலும் கரண்ட் இருக்கும். பெட்டியின் பின்னால் அதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன்.

அது வந்து பொருத்திய அன்று அருள் மிகத் தடித்த கம்பியைச் சுண்டி நீட்டிப் பிடித்தான். நாங்கள் மூன்று பேரும் சிவப்பு விளக்கு இருக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். சுரம் தேய்ந்து, தேய்ந்து, தானாக அடங்கியது. விளக்கு எரியவில்லை. அலமாரியில் ஒரு டம்ளர் நகர்ந்து கீழே விழுந்தது. ஸ்டெல்லா அதற்காகத் திட்டவில்லை.

வரவேற்பு நாளன்று நானும் கூடப் போனேன். மண்டபம் சிதம்பரத்தில் தெற்கு வீதிக்குப் பக்கம். மேடையில் அருளின் பெட்டியைப் பார்த்த மதி, "அண்ணே, இது மேடையில நமக்குக் கேக்க வெக்கிற மானிட்டரா?" என்று கேட்டார். அவரிடமிருந்த தயக்கம் எனக்குப் புரிந்தது. கீபோர்டில் இடது கைக்கு வேண்டியதையெல்லாம் தயாராக வைத்திருந்தார். அருள் ஒயரை மாட்டினான்.

முதல் சில பாட்டுகள் சீராகப் போயின. கூட்டம் நிறைந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையேறி, ஒரு வேகமான பாட்டின் நடுவில் கரண்ட் போயிற்று. விளக்கு, மைக், கீபோர்டு எல்லாம் ஒன்றாக அணைந்தன. டிரம்ஸ் மட்டும் இருட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பின்பக்கம் ஜெனரேட்டர் உறுமியது. விளக்குகள் வந்தன. நான் எழுந்து மேடைக்குப் பக்கத்தில் போனேன். வீட்டில் எத்தனை சோதித்தாலும் ஜெனரேட்டரை நான் எங்கே கொண்டுவந்து சோதிப்பேன்?

மாட்யூலின் பச்சை விளக்கு மினுக்கி நிலைத்தது. கீபோர்டு மட்டும் திரும்ப உயிர் பெற நேரம் எடுத்துக்கொண்டது. திரையில் ஏதோ ஏறிக்கொண்டே இருந்தது. மதி இரண்டு கைகளையும் கட்டைகள் மேல் வைத்தபடி சும்மா நின்றார். பாடகி மைக்கைப் பிடித்துக்கொண்டு பாட்டை எங்கிருந்து எடுப்பது என்று தெரியாமல் திரும்பிப் பார்த்தாள். அருள் டிரம்ஸ்காரரைப் பார்த்துத் தலையசைத்தான். விட்ட இடத்திலிருந்து எடுத்தான். கீழே இறங்கி, அந்தத் தடித்த கம்பியில் சுரத்தை நிறுத்திப் பிடித்தான். என் செருப்புக்கடியில் தரை அதிர்ந்தது. பாடகி அதன் மேல் ஏறிப் பாடினாள். ஒரு முழுச் சரணம் டிரம்ஸும் பேஸும் குரலும் மட்டும். கூட்டம் அதுதான் ஏற்பாடு என்று நினைத்துக் கை தட்டியது. கீபோர்டு வந்ததும் மதி சேர்ந்துகொண்டார், வலது கையால் மட்டும்.

தொழிற்சாலையில் நான் சரிசெய்த எதற்கும் யாரும் கை தட்டியதில்லை. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் நம்மை யாரும் நினைக்க மாட்டார்கள். அதுதான் நல்ல வேலை என்று நாங்களும் பழகியிருந்தோம். அன்று தட்டியவர்களுக்கும் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. இருந்தாலும் கூட்டத்தோடு சேர்ந்து நானும் தட்டினேன்.

நிகழ்ச்சி முடிந்து ஒயர்களைச் சுருட்டும்போது மதி வந்தார். "அண்ணே, அடுத்த வாரம் பிச்சாவரம் பக்கம் ஒரு சர்ச்சு திருவிழா. வண்டி கடைசி வரைக்கும் போவாது. மணல்ல கொஞ்ச தூரம் நடக்கணும். வருவீங்கள்ல?"

"வரேன்" என்றான் அருள். மதி போன பிறகு என்னிடம் திரும்பினான். "மாமா, அந்தக் கீழ்க் கம்பி நோட்ட இத்தினி வருஷமா வாசிச்சிக்கிட்டிருக்கேன். பழைய பெட்டில அது சத்தமா வரும், ஆனா இப்பிடி அடிவரைக்கும் வராது. இன்னிக்கித்தான் முழுசா கேட்டேன்."

அவன் முதுகு ஞாபகம் வந்து, பெட்டியைத் தூக்க நான் கையை நீட்டினேன்.

"உடுங்க மாமா" என்று சொல்லிவிட்டு, கிட்டாரைத் தோளில் மாட்டி, பெட்டியை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, மண்டபத்துப் படிகளில் எனக்கு முன்னால் இறங்கிப் போனான்.